பேய்ப் பாட்டும் நம் பிள்ளைகளும்



அக்டோபர் மாதத்தின் இறுதி வாரம் வந்துவிட்டால், அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளின் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒரு விந்தையான பாடம் நடைபெறுவதுண்டு. இசை ஆசிரியை மாணவரை நோக்கி, கேட்டால் அச்சம் தோன்றும் பாட்டு ஒன்றை ஒவ்வொருவரும் தேர்ந்து வரும்படி பணிப்பார். மறுநாள் சன்னல் திரைகள் இழுத்து மூடப்பெறும். ஒருவன் எலும்புக்கூடுகள் ஆடும் வேடிக்கைப் பாட்டைக் கொண்டுவந்திருப்பான். ஒருத்தி திரைப்படமொன்றின் பின்னணி இசையைக் கொண்டுவந்திருப்பாள். மற்றொருவன், ஆர்கன் கருவியில் இடியென முழங்கும் பாக்கின் பழைய இசையைக் கொண்டுவருவான். சிலர் சிரிப்பர், சிலர் காதைப் பொத்திக்கொள்வர். அதன் பிறகு வாதம் தொடங்கும். அச்சம் எங்கிருந்து வந்தது? சொல்லிலிருந்தா, குரலிலிருந்தா, அன்றி, அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் காத்திருக்கும் அந்த மௌனத்திலிருந்தா?

இவையெல்லாம் 'ஹாலோவீன்' என்னும் அக்டோபர் 31-ஆம் நாள் மாலைக்கான முன்னேற்பாடுகள். நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றின் மக்கள் வேலையின் பொருட்டு அந்நாடுகளில் குடியேறியிருப்பதால், நம் பேரப்பிள்ளைகளும் அவ்வகுப்புகளில் அமர்ந்திருக்கிறார்கள். அண்மையில் ஞாயிறு பூசை முடிந்ததும் மூதாட்டி ஒருவர் நம்மைக் கோயில் வாயிலில் நிறுத்தி, "சாமி, பேரனைப் பேய்ப் பாட்டு எடுத்துக்கிட்டு வரச் சொல்றாங்களாம் பள்ளிக்கூடத்துல. இது பாவமில்லையா சாமி?" என்று கேட்டார். வாயிலில் நின்று ஒரே சொல்லில் விடை கூறக்கூடிய கேள்வியன்று அது. ஆகவே இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

இதனைச் சாத்தானின் சூழ்ச்சி என்று அலறுவோர் உளர். குழந்தை விளையாட்டுத்தானே என்று கைவீசி அகற்றுவோரும் உளர். இரு சாராரும் அப்பாட்டுகளைக் கேட்டவர்கள் அல்லர் என்பது நம் ஐயம். நாம் சில மாலைப் பொழுதுகளில் அமர்ந்து சிலவற்றைக் கேட்டோம். கேட்கக் கேட்க, நாம் எதிர்பாராத இடங்களுக்கே அவை நம்மை இட்டுச் சென்றன.

முதலில் பெயரைக் கவனிப்போம். 'ஹாலோ' என்பது புனிதரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். 'ஈன்' என்பது மாலை. சகல புனிதர் திருநாளின் முந்திய மாலை என்பதே அப்பெயரின் பொருள். நவம்பர் முதல் நாளில் அத்திருநாளைக் கொண்டாடும் வழக்கத்தை மேற்றிசை நாடுகளில் பரவச் செய்தவர் 9-ஆம் நூற்றாண்டில் பாப்பரசராயிருந்த நான்காம் கிரகோரியார். அதற்கடுத்த நாளை இறந்தோருக்காகச் செபிக்கும் நாளாகத் தம் மடங்களில் ஏற்படுத்தியவர் குளூனி மடாதிபதி புனித ஓதிலோ. அம்மாலைக்கென்றே தனிப் பூசையும் உபவாசமும் திருச்சபையில் நெடுங்காலம் இருந்தன. 1955-ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்து வழிபாட்டுச் சீர்திருத்தத்தில்தான் அந்த முந்திய நாள் வழிபாடு நீக்கப்பட்டது. அயர்லாந்தில் குளிர்காலத் தொடக்கத்தைக் குறிக்கும் பழங்குடி விழாவொன்று அதே நாட்களில் வந்தமையால், அதன் சாயலும் இம்மாலையில் கலந்தது. 1840-களின் கொடும் பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கப்பலேறிய ஐரிஷ் கத்தோலிக்கர்கள், கிழங்கைக் குடைந்து விளக்கேற்றும் தம் வழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். அங்கே கிழங்கின் இடத்தைப் பரங்கிக்காய் பிடித்துக்கொண்டது.

பாட்டும் அம்மாலைக்குப் புதிதன்று. இங்கிலாந்தின் செஷயர் முதலிய பகுதிகளில் சகல ஆத்துமாக்கள் திருநாளையொட்டி ஏழைகளும் சிறுவரும் வீடு வீடாகச் சென்று பாடுவர். வீட்டார் அவர்களுக்குச் சிறிய அப்பம் ஒன்றைக் கொடுப்பர். பெற்றுக்கொண்டவர் அவ்வீட்டில் இறந்துபோனவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிப்பர். மிட்டாய் கேட்டு வீடு வீடாய்ச் செல்லும் இக்காலப் பிள்ளைகளின் வழக்கத்துக்கு முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. அப்பத்தை ஆத்துமாவின் பெயரால் கொடுத்த காலம் போய், கொடுக்காவிடில் குறும்பு செய்வோம் என்று மிரட்டி வாங்கும் காலம் வந்தது, சற்று இறக்கந்தான்!

இனிப் பாட்டுகளுக்கு வருவோம். பள்ளிகளில் ஆசிரியர்கள் இப்பருவத்தில் பெரிதும் விரும்பிக் கையாளும் இசை, பிரெஞ்சு இசைமேதை கமீல் சான்-சான்ஸ் 1874-இல் இயற்றிய 'மரண நடனம்' ஆகும். ஹாலோவீன் நள்ளிரவில் மரணம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து வயலின் வாசிக்கிறது. எலும்புக்கூடுகள் எழுந்து ஆடுகின்றன. சேவல் கூவியதும் அடங்கிவிடுகின்றன. கதை அவ்வளவே. பாடகர் எவரும் இல்லாமல் வாத்தியங்களே இக்கதையைச் சொல்வதுதான் அழகு. யாழ் ஒரே சுரத்தைப் பன்னிரண்டு முறை மீட்டி நள்ளிரவு மணியை ஒலிக்கிறது. எலும்புகள் மோதும் ஓசைக்கு மரக்கட்டைகளைத் தட்டி ஒலிக்கும் சைலோஃபோன். சேவலுக்கு ஓபோ என்னும் குழல். வயலினிலோ ஆசிரியர் ஒரு தந்திரம் செய்தார். அதன் மிக மெல்லிய தந்தியை அரைச் சுரம் தாழ்த்திக் கட்டச் செய்தார். அதனால், அடுத்த தந்தியோடு அதனைச் சேர்த்து மீட்டும்போது, மேலைநாட்டார் 'இசையில் புகுந்த பேய்' என்று பெயரிட்ட சுர இடைவெளி பிறக்கிறது.

இந்த இடைவெளியைப் பற்றி வகுப்புகளில் ஒரு கட்டுக்கதை உலவுகிறது. நடுக்காலத் திருச்சபை அதனைப் பேயின் சுரமென்று தடைசெய்ததாம். மீறிப் பாடியவர் தண்டிக்கப்பட்டனராம்! பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பதற்கு ஏற்ற கதைதான், உண்மையன்று. அப்படியொரு தடையாணை திருச்சபையில் இருந்ததில்லை. பாடுவதற்குக் கடினமாகவும் செவிக்கு இடறலாகவும் இருந்தமையால் பாட்டாசிரியர்கள் அதனைத் தவிர்த்தார்கள். பேய் என்னும் பட்டப்பெயரோ 1700-களின் தொடக்கத்து இசை நூல்களில்தான் காணப்படுகிறது. நம் கர்நாடக சங்கீதம் அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்வோம். ஷட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் இடையேயுள்ள தொலைவே அந்தப் பேய் இடைவெளி. தம்புரா ஷட்ஜத்தை ஓயாமல் ஒலிக்க, கல்யாணி இராகத்தைப் பாடுகிறவர் பிரதி மத்திமத்தில் நின்று நிதானிக்கும்போது அவ்விரண்டும் ஒருங்கே நம் காதில் விழுகின்றன. அச்சப்பட்டவர் எவருமுண்டோ? மங்கலம் என்னும் பொருளுடைய பெயரையன்றோ அந்த இராகத்துக்கு வைத்திருக்கிறோம்! ஆகவே பேய் சுரத்தில் இல்லை. எந்தச் சூழலில், எந்த எதிர்பார்ப்போடு அதனைக் கேட்கப் பழகியிருக்கிறோம் என்பதே பெரிது.

அச்சத்துக்கு அடையாளமாகவே ஆகிவிட்ட வேறொரு மெட்டும் உண்டு. அது நம்முடையது. பிரெஞ்சுக்காரரான பெர்லியோஸ் 1830-இல் தம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் சூனியக்காரிகளின் கூத்தைச் சித்திரிக்க அதனை எடுத்தாண்டார். மேற்சொன்ன மரண நடனத்திலும் அது வேடிக்கை உருவில் வந்து போகிறது. 1980-இல் வெளிவந்த 'த ஷைனிங்' என்னும் திகில் படம் அம்மெட்டோடுதான் தொடங்குகிறது. 1993-இல் வந்த, பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் ஹாலோவீன் பொம்மைப் படமொன்றின் பாட்டிலும் அதன் முதல் நான்கு சுரங்கள் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றன. அம்மெட்டைக் கேட்ட மாத்திரத்தில் மேலைநாட்டுப் பிள்ளை தோள்களைக் குறுக்கிக்கொள்கிறது. ஆனால் அது, இறந்தோர் பூசையில் பல நூற்றாண்டுகளாகப் பாடப்பட்டு வந்த 'தியெஸ் ஈரே' என்னும் இலத்தீன் கீதத்தின் மெட்டு. 13-ஆம் நூற்றாண்டினரும் புனித பிரான்சிஸ் அசிசியாரின் வரலாற்றை முதன்முதல் எழுதியவருமான செலானோ ஊர்த் தோமாவின் பெயரால் வழங்கி வருவது. திரிதெந்தின் சங்கத்துக்குப் பின் வெளிவந்த 1570-ஆம் ஆண்டின் பூசைப் புத்தகம், இத்தகைய தொடர்பாக்களுள் பலவற்றைக் களைந்தபோதும் இதனை விட்டுவைத்தது. நம் நாட்டுக் கோயில்களிலும் கறுப்புத் திருவுடை அணிந்த குருவும் பாடகரும் இதனை இலத்தீனிலேயே பாடி வந்தார்கள் என்பதை எண்பதைக் கடந்த நம் முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

அக்கீதத்தில் நடுக்கம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. உலகம் சாம்பலாகும் நாளும், கல்லறைகளுக்கு மேல் முழங்கும் எக்காளமும், ஒளிக்க ஒன்றுமில்லாமல் திறக்கப்படும் ஏடும் அதில் வருகின்றன. திரைப்படக்காரர்கள் அவ்வளவோடு மெட்டை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். பாட்டு அங்கே நின்றுவிடவில்லை. நடுங்குகிறவன் நீதிபதியின் முகத்தை ஏறிட்டு நோக்கித் தெரிந்தவரிடம் பேசுவதுபோலப் பேசத் தொடங்குகிறான். என்னைத் தேடி அலைந்து களைத்தவர் நீரல்லவா என்று நினைவூட்டுகிறான். மன்னிப்புப் பெற்ற மரியாளையும், சிலுவையில் தொங்கிய கள்வனையும் சாட்சிக்கு அழைக்கிறான். அச்சத்தைத் தனியே நிறுத்தாமல், அது யாரிடம் ஓடவேண்டும் என்று வழி காட்டுகிற பாட்டு அது. 1970-ஆம் ஆண்டின் புதிய பூசைப் புத்தகம் இறந்தோர் பூசையில் உயிர்ப்பின் நம்பிக்கையை முன்னிறுத்த விரும்பி இதனை எடுத்துவிட்டது. எனினும் திருச்சபை அதனை எறிந்துவிடவில்லை. திருவருகைக் காலத்துக்கு முந்திய வாரத்தில் குருக்களும் துறவியரும் சொல்லும் திருப்புகழ்மாலையில் மூன்று பகுதிகளாக அதற்கு இடமளித்திருக்கிறது. நாமும் ஆண்டுதோறும் அந்த வாரத்தில் அதனைச் சொல்லுகிறோம். கல்லறைத் தோட்டத்தில் பாடுவதைவிட அறையில் தனியே சொல்லும்போது அதன் பிற்பகுதி நன்கு கேட்கிறது என்பது நம் கருத்து.

வேடிக்கைப் பாட்டுகளைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1962-இல் பாபி பிக்கெட் என்பவர் பாடிய 'மான்ஸ்டர் மாஷ்' அந்த அக்டோபரிலேயே அமெரிக்கப் பாட்டுவரிசையில் முதலிடம் பிடித்தது. பழைய திகில் படங்களின் பூதங்கள் விருந்து கூடி நடனமாடும் நகைச்சுவை அது. ஆங்கிலேய வானொலி நிலையமான பி.பி.சி. அதனைச் சாவைப் பற்றிய விகாரமென்று கருதி அன்று ஒலிபரப்ப மறுத்தது. இன்று கேட்டால், மறுத்தவர்களை நினைத்துத்தான் சிரிப்பு வருகிறது. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' பாட்டுக்கு 1983-இல் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 14 நிமிடப் படத்தின் தொடக்கத்தில், மாய மந்திர நம்பிக்கையை இப்படம் ஆதரிக்கவில்லை என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு வருகிறது. அப்போது அவர் யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர். அச்சபையாரின் மனக்கவலையே அவ்வறிவிப்பை எழுதச் செய்தது. பேய் வேடமிட்டு ஆடிய பாடகருக்கும் மனச்சான்று இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இசை ஏன் நடுக்குகிறது என்பதற்கு இயற்கை அறிவியலார் ஒருவர் கூறிய விளக்கம் நம் சிந்தையைத் தொட்டது. அமெரிக்காவின் டேனியல் புளூம்ஸ்டீன் என்பார் மலை அணில் இனத்தைச் சேர்ந்த மார்மட் என்னும் விலங்குகளை ஆராய்பவர். குட்டியைக் கையில் பிடித்தால் அது வீறிடும். அந்த வீறிடலில் குரல் கட்டுமீறி உடைந்து கரகரக்கும். கேட்கிற மனிதருக்கும் மனம் பதறும். அவரும் உடன் ஆய்ந்தோரும் திரைப்படங்களின் ஒலிகளை அளந்து பார்த்து, திகில் காட்சிகளில் அதே போன்ற கரகரத்த, உடைந்த ஒலிகள் மிகுந்திருப்பதாக 2010-இல் வெளியிட்டார்கள். 1960-இல் வந்த 'சைக்கோ' படத்தில் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கீச்சிடச் செய்தாரே, அக்காட்சியை நினைவில் கொண்டால் இது விளங்கும். பேயின் குரலென்று நாம் எண்ணி நடுங்குவது, உண்மையில் ஆபத்தில் சிக்கிய ஒரு குட்டியின் குரல்! அதைக் கேட்டு ஓடிச்சென்று காப்பதற்கென்றே படைத்தவர் நம் செவியை அமைத்திருக்கிறார் போலும்.

இந்த எண்ணத்தோடு, நாம் கேட்டவற்றுள் மிகவும் அச்சமூட்டிய பாட்டுக்கு வருகிறோம். அதில் பிணமும் இல்லை, கல்லறையும் இல்லை. ஜெர்மானியக் கவிஞர் கெதே 1782-இல் எழுதியதை, வியன்னாவின் ஷூபர்ட் 1815-இல், தம் பதினெட்டாம் வயதில், பாட்டாக்கினார். 'எர்ல்கோனிக்' என்பது அதன் பெயர். உயர் வகுப்பு மாணவர்களுக்கு இதனை ஒலிக்கச் செய்து உரையாடும் ஆசிரியர்கள் உளர்.

காற்று வீசும் இரவில் தந்தையொருவன் தன் மகனைக் கைகளில் அணைத்துக்கொண்டு குதிரைமேல் விரைகிறான். பியானோவில் வலக்கை ஓயாமல் ஒரே சுரத்தை மூன்று மூன்றாகத் தட்டிக் குளம்பொலி எழுப்புகிறது. வாசிப்பவரின் கை கடுத்துப்போகும் என்பர். சிறுவனின் கண்ணுக்கு முடிசூடிய ஒரு மாய அரசன் தெரிகிறான். தந்தையோ, அது மூடுபனி என்கிறான். அரசன் தன் காதில் ஆசை காட்டிப் பேசுவதைச் சிறுவன் சொல்கிறான். தந்தை, அது சருகில் காற்று அசையும் ஓசை என்கிறான். அரசனின் புதல்வியர் நிற்பதைச் சிறுவன் காட்டுகிறான். தந்தை, அவை பழைய மரங்கள் என்கிறான். பாடகர் ஒருவரே கதை சொல்பவனாகவும், தந்தையாகவும், மகனாகவும், மாய அரசனாகவும் பாடுகிறார். மாய அரசனின் மெட்டு இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் இனிமையானது. தாலாட்டைப் போல் மெல்லியது. சிறுவனின் கூக்குரலோ ஒவ்வொரு முறையும் முன்னதைவிட உயர்ந்த சுருதியில் எழுகிறது. கடைசியில் தந்தையே நடுங்கிக் குதிரையை முடுக்குகிறான். வீடு வந்து சேர்கையில் குளம்பொலி நிற்கிறது. கைகளில் இருந்த பிள்ளை இறந்திருக்கிறது.

அந்தத் தந்தையைக் கெட்டவன் என்று சொல்ல முடியுமா? பிள்ளையைக் குளிர் தாக்காமல் மார்போடு அணைத்திருக்கிறான். கேட்ட ஒவ்வொன்றுக்கும் விடை சொல்கிறான். சொன்ன விடைகளும் அறிவுக்குப் பொருந்தியவையே, மூடுபனி மூடுபனிதான். ஆயினும் பாட்டு முழுவதிலும், "உனக்கு என்ன தெரிகிறது, மகனே? சொல்" என்று அவன் ஒருமுறையும் கேட்கவில்லை. பங்கு விசாரணைக்காக நாம் வீடுகளுக்குச் செல்லும்போது இத்தந்தையைப் பலமுறை கண்டிருக்கிறோம். இரவில் அஞ்சும் பிள்ளையிடம், "ஒன்றுமில்லை, தூங்கு" என்பார்; பள்ளிக்குப் போக நடுங்கும் பிள்ளையிடம், "எல்லாம் சோம்பல்" என்பார். அங்கே உண்மையாகவே ஓர் ஆசிரியரின் கொடுமையோ, உறவினர் ஒருவரின் தகாத செயலோ இருந்து, பிள்ளை அதனைப் பேய் என்று மட்டுமே சொல்லத் தெரிந்திருந்தால்?

ஆகவே அந்த மூதாட்டியின் கேள்விக்கு நம் விடை இது. எலும்புக்கூடு ஆடும் பாட்டைக் கேட்பது பாவமன்று. ஆசிரியையும் தோழரும் சூழ்ந்திருக்க, கேட்டதைப் பற்றி வாய்விட்டுப் பேசும் வகுப்பு, வீட்டில் கிடைக்காத ஒரு வாய்ப்பாகக்கூட அமையலாம். ஆனால் இரண்டொன்றைப் பெற்றோர் கவனித்தே தீர வேண்டும். நான்கைந்து வயதுக் குழந்தை, பாவனையென்று தெரிந்தும் மெய்யாகவே அஞ்சக்கூடும். அதனை இருத்தி வைத்துக் கேட்கச் செய்வது வன்முறை. அவ்வாண்டில் பாட்டியையோ உடன்பிறப்பையோ அடக்கம் செய்த பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று ஆசிரியையிடம் சொல்லிவைக்க வேண்டும். சவப்பெட்டிப் பாட்டுக்கு மற்றவர் சிரிக்கையில் அதன் நிலை என்ன? வளர்ந்த பிள்ளைகள் காதில் கருவியைச் செருகிக்கொண்டு இரவில் தனியே கேட்கும் பாட்டுகள் சில, வாழ்வை வெறுக்கவும் உயிரை மாய்த்துக்கொள்ளவும் அழைக்கின்றன. அவற்றில் பேயின் பெயரே வராது. மாய அரசனின் மெட்டைப்போல் இனிமையாகவே இருக்கும். நாம் அஞ்சுவது அவற்றுக்கே. அத்தகைய பாட்டில் பிள்ளை அமிழ்ந்திருக்கக் கண்டால் கருவியைப் பிடுங்குவதோடு நிறுத்திவிடாமல், அருகில் அமர்ந்து தாமும் அதனைக் கேட்டு, தேவையெனில் மருத்துவரிடமும் அழைத்துச் செல்ல வேண்டும்.

வெளிநாட்டில் உள்ள பேரனிடம் தாத்தாவும் பாட்டியும் கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் பேய்ப் பாட்டுக் கேட்டாய்?" என்பதன்று. "நீ எந்தப் பாட்டைக் கொண்டுபோனாய்? அதில் எந்த இடத்தில் பயந்தாய்?" என்று கேளுங்கள். உங்களுக்கு அச்சமூட்டியது எது என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள். சிகாகோ நகரில் அக்டோபர் 31 மாலை ஏழு மணிக்கு அவன் வேடமணிந்து தெருவில் இறங்கும்போது, இங்கே நவம்பர் முதல் நாள் விடியற்காலை ஐந்தரை மணி. சகல புனிதர் திருநாளின் முதற்பூசை தொடங்கும் நேரம். பூசை முடிந்து வீடு திரும்பித் தொலைபேசியில் அழைத்தால் அங்கே எட்டு, எட்டரை இருக்கும். மிட்டாய்களைத் தரையில் கொட்டி எண்ணிக்கொண்டிருப்பான், உறங்கியிருக்க மாட்டான்.